அரைச் சுற்று ஸ்பேனர்

பத்தாவது வரை படித்தவள் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுவேன். எழுத உட்கார்ந்ததைப் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகளை ஸ்கேட்டிங் அனுப்புகிறவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

சூரமங்கலத்தில் ஒரு ஸ்கேட்டிங் தளத்தில் ஒன்பது வருடமாக வேலை செய்கிறேன். நம் ஊரில் பனித்தரை ஏது? நாலு சக்கர ஷூ போட்டு சிமென்ட் தரையில்தான் சுழல்வதும் தாவுவதும். தரையைக் கூட்டுவது, கைக்கும் முட்டிக்கும் அடிபடாமலிருக்க கார்டு மாட்டுவது, ஷூவைச் சோதித்து அனுப்புவது எல்லாம் என் பொறுப்பு.

தர்ஷினி புதுச்சத்திரத்துப் பெண். அப்பா லாரி வைத்திருக்கிறார். வந்த புதிதில் சும்மா நடந்தாலே அவளுக்குக் கணுக்கால் பிசகும். பயிற்சி தரும் மாஸ்டர் முதலில் விழத்தான் கற்றுக்கொடுத்தார். முட்டியை மடக்கு, விரலைப் பொத்து, பக்கவாட்டில் சாய். இரண்டு வருடத்தில் கால் உறுதியாகி, ஒற்றைக் காலில் வட்டம் போட்டாள். மாவட்ட அணித் தேர்வுக்கும் பெயர் கொடுத்தாள்.

தேர்வுக்கு முதல் நாள் மாலை அவள் அப்பா ஷூவை நீட்டினார்.

"ஏனுங்கக்கா, இதென்னுங்க வீலு இந்த ஆட்டம் ஆடுது? லாரியில இப்படி ஆடுனா என்னாகும்? நானே ஸ்பேனர் போட்டு இறுக்கிட்டனுங்க."

"நானென்ன டாரஸ் லாரியாப்பா?" என்று சிரித்தாள் தர்ஷினி.

வாங்கிச் சாய்த்துப் பார்த்தேன். அசையவில்லை. சக்கரத்துக்கு மேலே இருக்கும் ரப்பர் கொஞ்சம் அமுங்கிக் கொடுத்தால்தான் ஷூ வளைவில் சாயும். நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தினால் போதும். ஸ்பேனர் என் பையிலேயே இருந்தது. ஆனால் லாரியிலேயே காலம் கழித்தவரிடம் போல்ட்டைப் பற்றி நான் எப்படிச் சொல்வது?

"சரிங்க" என்றேன்.

அன்று மாலைப் பயிற்சியிலேயே, மூன்றாவது வளைவில் ஷூ சாயவில்லை. சக்கரம் தூக்கி, வழுக்கி விழுந்தாள். ஓடினேன்.

"கை ஒன்னும் ஆகலீங்கக்கா. பொத்தித்தான் உழுந்தேன்" என்றாள். கால்தான் பிசகியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீங்கியது.

மாஸ்டர் ஷூவைக் கழற்றி அமுக்கிப் பார்த்தார்.

"ஏனக்கா, இத நீங்க பாக்கலீங்களா?"

"பாத்தனுங்க."

"பாத்துமா உட்டீங்க?"

அவள் அப்பா, "தப்பு என்ரதுங்க" என்றார். பாதி என்னுடையது என்று அப்போதும் எனக்குச் சொல்ல வரவில்லை.

விழப் பழகியிருந்ததால் எலும்பு தப்பியது. கால் தப்ப நான் வாய் திறந்திருக்க வேண்டும். சோதிப்பவர் வேலை பார்ப்பதோடு முடிவதில்லை. கண்டதைச் சொல்லவும் வேண்டும், எதிரில் நிற்பவர் யாராக இருந்தாலும்.

மறுநாள் தேர்வு நடந்தது. தர்ஷினி காலில் கட்டோடு அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். நான் சோதித்ததில் இரண்டு பேரின் ஷூ சரியில்லை என்று பெற்றோரிடமே சொல்லி, தளத்தில் இறக்காமல் நிறுத்தி வைத்தேன்.