பன்னிரண்டாம் அடுக்கின் பல்

மவ்லிதா அபய்க்கு ஐம்பத்தொரு வயது. அதில் இருபத்திரண்டு வருடம் கல்லை அமிலத்தில் கரைத்தே போனது. உரால் மலையடியில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு அதுதான் வேலை. மூத்தவள் என்பதால் நான் அபய் என்பேன், எங்கள் பாஷையில் அக்கா. நான் கல் அறுப்பவள். எனக்கு வாய் நீளம். அவளுக்கு வாயே கிடையாது.

முப்பது கோடி வருடத்துக்கு முந்தைய கார்பானிஃபெரஸ் காலத்தின் கடைசிக் கட்டம் எங்கே தொடங்குகிறது என்று காட்ட, உலகத்துக்கே பொதுவாக ஒரு பாறையில் ஒரு கோடு வேண்டும். விலாங்கு மாதிரி ஒரு கடல் பிராணியின் பல், கடுகைவிடச் சின்னது, எந்த அடுக்கில் முதலில் தென்படுகிறதோ அங்கேதான் கோடு. உலகக் கமிட்டி ஓட்டுப் போட்டால் அந்தக் கோட்டில் அடையாளமாக ஒரு ஆணி அடிப்பார்கள். எங்கள் ஆற்றங்கரையில், பன்னிரண்டாம் அடுக்கில் அந்தப் பல்லைக் கண்டவள் அபய். ஆனால் அது உடைந்த பல். "முழுசாக ஒன்று காட்டுங்கள், ஏப்ரலில் வருகிறோம்" என்று கமிட்டியிலிருந்து எழுதினார்கள்.

அந்த அடுக்கின் கல் எங்களிடம் ஒரு துண்டுதான் மிச்சம். பனி உருகி ஆறு பெருகியிருந்தது. ஜூன் வரை பாறை தண்ணீருக்கடியில்.

விருந்தாளி வருகிறார்கள் என்றால் நாங்கள் கதவுக் குமிழைக்கூட விடாமல் தேய்ப்போம். அபயும் தேய்த்தாள். மூலையில் ஒரு பீப்பாய் நிறைய, கல்லைக் கரைத்து வீரியம் போன பழைய அமிலம். புது அமிலத்தில் இதைக் கலந்தால்தான் கல் மட்டும் கரையும், பல் தப்பும். நாற்றம் தாங்காமல் அதைக் கொட்டி, பீப்பாயில் நல்ல தண்ணீர் நிரப்பி ஊறவிட்டாள். திங்கட்கிழமை அந்தக் கடைசித் துண்டைக் கரைக்கும் அவசரத்தில் பழகிய கை அதே பீப்பாயிலிருந்து மொண்டு அமிலத்தில் ஊற்றிவிட்டது.

"ரஸீமா, இங்க வா... இதப் பாரு."

நுண்ணோக்கியில் குனிந்தேன். எல்லாப் பல்லும் அரித்துப்போய் வெள்ளையாகக் கிடந்தன. நடுப்பள்ளம் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால்தான் அந்த இனம். இங்கே பள்ளமே இல்லை.

"பீப்பாயில என்ன இருந்துச்சு அபய்?"

அவள் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். "இருபத்திரண்டு வருஷம்டி. என் கையாலயே கரைச்சுட்டேன்."

"பதினாலாம் அடுக்குல முழுப் பல்லு கெடக்கே. எடுத்து இதுல வையுங்க. ரெண்டு ஜாண் மேல, அவ்வளவுதானே? பல்லுல நம்பரா எழுதியிருக்கு?"

"வாயக் கழுவு. ஜூன்ல வாங்கன்னு கேட்டுக்கலாம்."

கேடு வரும் பின்னே, மதி கெட்டு வரும் முன்னே. அவள் விருந்தாளிகளுக்குத் தேன் வாங்கப் போன நேரத்தில், ஈரத் தூரிகையால் அந்தப் பதினாலாம் அடுக்குப் பல்லைத் தொட்டெடுத்துப் பன்னிரண்டாம் அடுக்கின் தட்டில் வைத்தேன். அவள் அழுததை என்னால் பார்க்க முடியவில்லை, அதனால்தான் செய்தேன்.

மறுநாள் கமிட்டியிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். அரித்துப்போனதைக் காட்டி மன்னிப்புக் கேட்கத்தான் அபய் தட்டைத் திறந்தாள். நுண்ணோக்கியில் பார்த்தவள் தட்டின் எண்ணைத் திருப்பிப் பார்த்தாள்.

"இது இந்த அடுக்கு இல்ல. பதினாலு."

ஒவ்வொரு பல்லையும் அவளுக்குப் பெற்ற பிள்ளை மாதிரித் தெரியும். இதை நான் யோசிக்கவில்லை, மடச்சி.

"அப்ப யாரு வெச்சது?" என்றார் எங்கள் தலைவர் ஃபனூர்.

அபய் என்னைப் பார்த்தாள். நான் குனிந்து தரையைப் பார்த்தேன்.

"நான்தான்" என்றாள்.

வந்தவர்களில் ஒரு பெண்மணி பேனாவை மூடினார். ஒன்று மாறியிருந்தால் மற்ற தொள்ளாயிரம் தட்டுகளை எப்படி நம்புவது என்று மெதுவாகத்தான் கேட்டார். அபய் தேனில் செய்து வைத்த சாக்-சாக் இனிப்பை யாரும் தொடவில்லை. மூன்று நாள் ஊரிலேயே தங்கி மற்றப் பாறைகளைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஓட்டுப் பட்டியலில் எங்கள் ஆற்றங்கரை இல்லை. அபயைக் குடுவை கழுவப் போட்டார் ஃபனூர்.

ஒரு நாள் அடக்கமாட்டாமல் கேட்டேன். "ஏன் அபய் என் பேரச் சொல்லல?"

அவள் குடுவையைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள்.

"நீயே வந்து சொல்லுவேன்னு நெனச்சேன்டி. அவங்க ஊர்ல இருந்த மூணு நாளும் கதவையே பாத்துட்டு இருந்தேன்."