பேர் வெட்டிய குடம்

பாத்திரக் கடையில் பேர் வெட்டும் சத்தம் கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பல் கூசும். கடைக்காரர் பேனாவைப் பிடிப்பதுபோல் ஒரு சின்ன மிஷினைப் பிடித்துக்கொண்டு, எவர்சில்வர் குடத்தின் வயிற்றில் "கிர்ர்ர்" என்று புள்ளி புள்ளியாக எழுத்தை இறக்குவார். காக்ஸ் டவுன் மார்க்கெட்டை ஒட்டிய அந்தக் கடையில், எட்டு வயதில், ஒரு சாயங்காலம் முழுவதும் காதைப் பொத்திக்கொண்டும் கண்ணை எடுக்காமலும் நான் நின்றிருக்கிறேன். என் எஸ்தர் அத்தையின் கல்யாணத்துக்காக வாங்கிய குடம், குண்டான், தூக்கு, தட்டு எல்லாவற்றிலும் "எஸ்தர் – வில்சன்" என்று வெட்டினார்கள். வெட்டி முடித்ததும் விரலால் தடவிப் பார்ப்பேன், சுரசுரவென்று இருக்கும்.

எங்கள் சனத்தில் பேர் வெட்டாத பாத்திரத்தைக் கல்யாணத்துக்குக் கொடுத்தால் மரியாதை இல்லை. மணமக்கள் பேருக்குக் கீழே "அன்பளிப்பு" என்று போட்டுக் கொடுப்பவர் தன் பேரையும் வெட்டிக்கொள்வார். சிலர் மணமக்கள் பேரைவிடத் தங்கள் பேரைப் பெரிதாகவே வெட்டிக்கொள்வார்கள். கரண்டி கொடுத்துவிட்டு அதில் குடும்பம் முழுவதையும் ஏற்றிய மாமா ஒருவர் எங்களுக்கு உண்டு. "பேரு வெட்டின பாத்திரம் கடைக்கும் திரும்பாது, இன்னொரு கல்யாணத்துக்கும் போகாது" என்பாள் அம்மா. அது எங்கள் வீட்டிலேயே பலிக்கும் என்று அவள் நினைத்திருக்க மாட்டாள்.

அத்தை என் அப்பாவின் ஒரே தங்கை. அவர்களுடைய அம்மா நான் பிறப்பதற்கு முன்பே காலமாகிவிட்டதால், தாத்தா, அப்பா, அம்மா, அத்தை, நான் என்று ஐந்து பேர் சர்ச்சுக்குப் பின்தெருவில் ஓட்டு வீடு ஒன்றில் இருந்தோம். அத்தை ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். காலையில் தலை பின்னிவிடுவதிலிருந்து இரவு ஜெபத்துக்கு என்னை முட்டி போட வைப்பது வரை எனக்கு எல்லாம் அவள்தான். "பொண்ணுக்கு வயசு ஏறிக்கிட்டே போகுது" என்று உறவினர்கள் தாத்தாவின் காதில் ஓதிக்கொண்டே இருந்தார்கள். ஓசூர்க்காரரான வில்சன் மாப்பிள்ளையாக அமைந்ததும் அவர்களுக்குத்தான் முதலில் நிம்மதி வந்தது. அவர் இரண்டு முறை வீட்டுக்கு வந்தார். நன்றாகச் சாப்பிட்டார், நன்றாகச் சிரித்தார், எனக்குச் சாக்லேட் கொடுத்தார். நான் அவரை வில்சன் மாமா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தேன்.

எங்கள் சர்ச்சில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு "ஓலை வாசிப்பார்கள்". இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நடக்கவிருக்கிறது, தடை ஏதும் அறிந்தவர்கள் சொல்லலாம் என்று போதகர் சபைக்கு முன்னால் கேட்பார். அத்தைக்கு மூன்று ஓலையும் வாசித்தாயிற்று. தடை சொல்ல வேண்டிய ஒரே ஆள் அந்த மூன்று ஞாயிறும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அதெல்லாம் கவலையில்லை. நான்தான் பூக்கூடை ஏந்திப் பெண்ணுக்கு முன்னால் நடக்கும் "ஃபிளவர் கேர்ள்". சரிகைக்கரை வைத்த வெள்ளை கவுன் தைத்து வந்திருந்தது. அதைத் தினமும் எடுத்துப் பார்த்து, தினமும் அம்மாவிடம் திட்டு வாங்கினேன்.

கல்யாணத்துக்கு முந்தைய நாள் மதியம், வில்சனின் தாய்மாமன் ஸ்கூட்டரில் வந்தார். உள்ளே வரச் சொன்னோம், வரவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று அப்பாவிடம் என்னவோ சொல்லிவிட்டு, தண்ணீரும் வேண்டாமென்று போய்விட்டார். பையனுக்கு இஷ்டமில்லையாம், காலையில் வீட்டைவிட்டுப் போய்விட்டானாம், அவ்வளவுதான். ஏன் என்பது எங்களுக்கு அன்றும் தெரியவில்லை, பிறகும் தெரியவில்லை. ஆளாளுக்கு ஒரு கதை சொன்னார்கள். கதை சொன்னவர்கள் யாரும் அவரைப் பார்த்துப் பேசியவர்கள் இல்லை.

சாயங்காலத்துக்குள் வீடு சாவு வீடாகிவிட்டது. தாத்தா நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. சர்ச் ஹாலில் அடுப்பு மூட்டக் காத்திருந்த சமையல்கார பாய் வந்து, கறி வந்துவிட்டது, அடுப்பைப் பற்றவைக்கலாமா வேண்டாமா என்று தலையைக் குனிந்துகொண்டே கேட்டார். உள்ளறையிலிருந்து அத்தையின் குரல் வந்தது: "பத்த வைங்க பாய். வர்றவங்க பசியோட போகக் கூடாது."

அப்போது கைப்பேசி கிடையாது. பத்திரிகை எத்தனையோ ஊருக்குப் போயிருந்தது. தெரு முனைத் தொலைபேசிக் கடையில் நின்று எத்தனை பேரைக் கூப்பிட முடியும்? முக்கால்வாசிப் பேர் மறுநாள் காலையில் பட்டுச்சேலையும் பரிசுப் பொட்டலமுமாக வந்து இறங்கத்தான் போகிறார்கள். தங்கவயலிலிருந்து வந்திருந்த பெரிய தாத்தா, தாத்தாவின் அண்ணன், ஒரு வழி சொன்னார். விடியற்காலை ரயிலில் எஸ்தரைத் தம்மோடு அனுப்பிவிடுங்கள், பெண் கண்ணில் படாமல் இருந்தால் பேச்சு தானாக ஓயும் என்றார். "உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?" என்று எல்லோரும் தலையாட்டினார்கள். தாத்தா மட்டும், சர்ச் கேட்டில் தாமே நின்று வருகிறவர்களிடம் சொல்லிவிடுவதாகச் சொன்னார்.

அத்தை அறையிலிருந்து வெளியே வந்தாள். அழுதிருந்தாள், மறைக்கவில்லை. நேராகத் தாத்தாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"நீங்க நின்னா வர்ற ஒவ்வொருத்தரையும் கையெடுத்துக் கும்பிடுவீங்கப்பா. மன்னிப்பு கேப்பீங்க. நாம எதுக்கு கேக்கணும்? நான் நிக்கிறேன். நான் நின்னா விஷயத்த மட்டும் சொல்லுவேன்."

பெரிய தாத்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது. பொண்ணாப் பொறந்தவ செய்யற வேலையா இது என்றார். தாத்தா அவளுடைய தலையில் கை வைத்தார். தங்கவயல் ரயிலில் மறுநாள் பெரிய தாத்தா தனியாகத்தான் போனார்.

காலையில் நான் கவுனைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று அழுதேன். கல்யாணம் இல்லை என்பது புரிந்தது, கவுன் இல்லை என்பது புரியவில்லை. அம்மா ஓங்கிய கையை அத்தை பிடித்துக்கொண்டாள். "தைச்சாச்சுல்ல அண்ணி, போட்டுக்கட்டும்" என்று அவளே எனக்குப் பின்னால் ஊக்குகளை மாட்டிவிட்டாள். அவள் ஆபீசுக்குக் கட்டிக்கொண்டு போகும் நீலப் பருத்திச் சேலையைக் கட்டியிருந்தாள். இரண்டு பேரும் கைகோர்த்துக்கொண்டு சர்ச் கேட்டுக்கு நடந்தோம்.

வந்தவர்கள் தூரத்தில் முதலில் பார்த்தது என் கவுனைத்தான். சிரித்துக்கொண்டே வந்தார்கள். பக்கத்தில் வந்ததும் அத்தையின் சேலையைப் பார்த்தார்கள். அந்தச் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றுபோவதை நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அத்தை எல்லோரிடமும் ஒரே மாதிரிதான் சொன்னாள்: கல்யாணம் நின்றுவிட்டது, அவர்கள் நேற்றுதான் சொன்னார்கள், ஹாலில் சாப்பாடு இருக்கிறது, சாப்பிட்டுவிட்டுப் போங்கள். சிலர் அவளைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். அவர்கள் அழுது முடிக்கும்வரை இவள் பொறுமையாக நின்றாள். சிலர் அவள் முகத்தில் எதையோ தேடினார்கள், பெண்ணிடம் என்ன குறையோ என்று. அவர்கள் பிறகு பந்தியில் பிரியாணியை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டதை நான் பார்த்தேன், அதை இன்னும் மன்னிக்கவில்லை. பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர் சரோஜம்மா மட்டும் எதுவும் கேட்காமல், வருத்தப்படாதே என்று "பேஜார் மாட்கோபேட எஸ்தர்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, செருப்பை ஓரமாக விட்டுவிட்டுப் பரிமாறப் போய்விட்டார்.

வெயில் ஏறி, வருகிறவர்கள் குறைந்த பிறகு, ஒரு பெரியவர் வேகு வேகென்று நடந்து வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. நியூஸ்பேப்பர் சுற்றிய குடம் ஒன்றைக் குழந்தையைத் தூக்குவதுபோல் இடுப்பில் வைத்திருந்தார். முகமெல்லாம் வியர்வை.

"லேட்டாயிடுச்சும்மா. ஆனேக்கல் பஸ் ஸ்டாண்டுல நில்லு, வழியில ஏத்திக்கிறோம்னாங்க. வேன் வரவே இல்ல. மறந்து போயிட்டாங்கன்னு நானே பஸ் ஏறிட்டேன். தாலி கட்டியாச்சா?"

எந்த வீட்டுக்கு வந்தீர்கள் என்று அத்தை கேட்டாள். மாப்பிள்ளைக்குப் பெரியப்பா முறை என்றார் அவர்.

அதுவரை அவள் குரல் ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. இப்போது என் கையை வலிக்கும்படி இறுக்கினாள். நானும் பயந்தேன். இவரைத் திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்ட வேண்டும் என்றும் ஆசைப்பட்டேன்.

"கல்யாணம் நின்னுபோச்சு பெரியப்பா. உங்களுக்குச் சொல்ல மறந்துட்டாங்க போல."

அவருக்கு உடனே புரியவில்லை. என் கவுனைப் பார்த்தார், சர்ச்சைப் பார்த்தார். நீ யாரம்மா என்று கேட்டார்.

"நான்தான் பொண்ணு."

அவர் குடத்தை மெதுவாகத் தரையில் வைத்தார். தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு, "எங்க பக்கத்துலருந்து ஒருத்தர்கூட வரலியாம்மா?" என்றார்.

"நீங்க வந்திருக்கீங்களே" என்றாள் அத்தை.

அவர் போய்விடத்தான் பார்த்தார். அத்தை விடவில்லை. கையைப் பிடித்து ஹாலுக்கு அழைத்துப்போய், தாத்தாவுக்கு எதிரில் உட்கார வைத்து, இலை போட்டு, தானே பரிமாறினாள். யார் என்று தெரிந்ததும் ஹாலில் முணுமுணுப்பு எழுந்தது. தாத்தா நிமிர்ந்து பார்த்தார். முந்தைய நாள் மதியத்திலிருந்து தண்ணீர்கூடத் தொடாத மனிதர், தனக்கும் ஓர் இலை போடச் சொன்னார். கிழவர்கள் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டார்கள். அத்தை இருவருக்கும் நடுவில் நின்று தால்ச்சா ஊற்றிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அந்த ஹாலில் வேறு யார் என்ன பேசினார்கள் என்று எனக்கு ஞாபகம் இல்லை.

கிளம்பும்போது அவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு அத்தையிடம் வந்தார். எடுத்துட்டுப் போகவா, வெச்சிட்டுப் போகவா, நீயே சொல்லும்மா என்றார்.

"வெச்சிட்டுப் போங்க. எங்க வீட்டுல தண்ணி பிடிக்கக் குடம் பத்தல."

அது பச்சைப் பொய். வீட்டில் சுவரோரம் புதுக்குடங்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. கடைக்காரர் அவற்றை பழைய பாத்திரமாக எடைக்குப் போட்டுத்தான் எடுத்துக்கொள்வேன் என்று சொன்னதால், அம்மா எல்லாவற்றையும் பழைய சேலையில் கட்டிப் பரணில் ஏற்றினாள். இந்தக் குடத்தை மட்டும் அத்தை கொடுக்கவில்லை. எங்கள் தெருவில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வரும். அடுத்த தண்ணீர் நாளன்றே குடத்தைக் குழாயடி வரிசையில் கொண்டுபோய் வைத்தாள், அதில் வெட்டியிருந்த "எஸ்தர் – வில்சன்" எல்லோருக்கும் தெரிகிற மாதிரி. தெரு ஒரு வாரம் பார்த்தது, ஒரு மாதம் பார்த்தது, பிறகு அதுவும் மற்றவற்றைப் போல ஒரு குடமாகிவிட்டது. அத்தைக்கு அதன் பிறகும் வரன்கள் வந்தன. பார்த்தாள், வேண்டாம் என்றாள். அந்த வில்சனால்தான் என்று ஊர் சொன்னது. அவளைக் கேட்டவர்கள் யாரும் இல்லை. நானும் கேட்டதில்லை.

இப்போது அந்த ஓட்டு வீடு இல்லை. குழாயடி இல்லை. இடித்துக் கட்டிய அடுக்குமாடியில் அத்தைக்கு இரண்டாவது மாடியில் ஒரு வீடு. தண்ணீர் கேனில் வருகிறது. ரிடையரான அத்தை அந்தக் குடத்தில் மண்ணைப் போட்டு பால்கனியில் துளசி வளர்க்கிறாள். கல்யாணம் நிற்பது மட்டும் நின்றபாடில்லை. போன வாரம் எங்கள் உறவில் ஒரு பெண்ணுக்கு, மண்டபம் வரை வந்து நின்றுபோயிற்று. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நாலு வரியில் செய்தி வந்தது. யாரும் வீணாகப் பஸ் ஏறவில்லை, யாரும் கேட்டில் நிற்கவில்லை. நாங்கள் எல்லோரும் கைகூப்பும் படத்தை அனுப்பிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். நல்ல வசதிதான், நான் மறுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என் மகளையும் கூட்டிக்கொண்டு அத்தையைப் பார்க்கப் போனபோது இதைச் சொன்னேன். யாராவது அவங்க வீட்டுக்குப் போனீங்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். அத்தை நேராகச் சமையலறைக்குப் போய் டிபன் கேரியரில் சாதமும் குழம்பும் எடுத்து வைத்தாள். சேலை மாற்றிக்கொண்டு வந்தாள். என் மகள் அதற்குள் பால்கனியில் குடத்தின் புள்ளிகளை விரலால் தடவி, எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டிருந்தாள்.

"வில்சன் யாரு பாட்டி?"

அத்தை செருப்பு வாரை மாட்டிக்கொண்டே, "அது ஆனேக்கல் பெரியப்பா குடுத்த குடம்டா. வேன்ல ஏத்திக்காம போயிட்டாங்க, பாவம், பஸ்ஸுல தூக்கிட்டு வந்தாரு" என்றாள்.

"அவர் பேரு இதுல இல்லியே?"

அத்தை நிமிர்ந்து குடத்தைப் பார்த்தாள். ஊரெல்லாம் தன் பேரைப் பெரிதாக வெட்டிக்கொண்ட காலத்தில், அந்தக் குடத்தில் அன்பளிப்பு என்றுகூட இல்லை. இத்தனை வருடத்தில் அதை நாங்கள் யாரும் கவனித்ததில்லை.

"பேரு என்னன்னு நான் கேக்கவே இல்ல" என்றாள். அவள் கண் கலங்கியதை இந்த விஷயத்தில் அன்றைக்குப் பிறகு இப்போதுதான் பார்த்தேன். பிறகு கேரியரை என் கையில் கொடுத்துவிட்டுக் கதவைப் பூட்டினாள். "சீக்கிரம் வா. அந்தப் பொண்ணு இன்னும் சாப்பிட்டிருக்க மாட்டா."