எத்வீஜ் மதாமின் பள்ளிக்கூடத்தில் யாரும் நிலைப்பதில்லை

ஹெய்ட்டி நாட்டில் ஜெரெமி என்ற எங்கள் ஊரில் காது கேளாத பிள்ளைகளுக்கு இருந்தது ஒரே பள்ளிக்கூடம். அதை நடத்தியவர் எத்வீஜ் பசலே, எங்களுக்கு மதாம். அவருடைய தம்பிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. வயிற்றில் எந்த இடத்தில் வலிக்கிறது என்று சொல்லத் தெரியாமலே செத்துப்போனான். அதன் பிறகுதான் மதாம் தன் வீட்டின் கீழ்த்தளத்தைப் பள்ளிக்கூடமாக்கினார். நான் அங்கே சமையல்காரி.

கையால் பேசும் மொழியைச் சொல்லிக்கொடுக்க ஹெய்ட்டியில் ஆள் கிடைப்பது பெரும்பாடு. மதாமே ஆள் பிடித்து, வருஷக்கணக்கில் பழக்குவார். கெட்டிக்காரர்கள் தேறிய கையோடு ஏதாவது வெளிநாட்டு உதவி நிறுவனத்துக்குப் போய்விடுவார்கள். தேறாதவர்கள் எங்களோடு இருந்தார்கள்.

மதாம் பழக்கிய கெட்டிக்காரர்களில் ரோஸ்லேன் மட்டும் போகமாட்டாள் என்று நினைத்தோம். நயீக்கா என்றொரு சிறுமி வந்தபோது, தனக்கு ஒரு பெயர் உண்டு என்பதே அவளுக்குத் தெரியாது. ஏதாவது வேண்டுமென்றால் துணியைப் பிடித்து இழுப்பாள், கிடைக்காவிட்டால் கடிப்பாள். ரோஸ்லேன் அவளோடு தரையிலேயே கிடந்தாள். மாம்பழத்தைக் கொடுப்பாள், வாங்குவாள், சைகை காட்டுவாள். வாரக்கணக்கில் இதேதான். ஒருநாள் நயீக்கா தானாகவே மாம்பழத்துக்குச் சைகை காட்டினாள். அன்று முழுக்க என் சட்டி, என் மூக்கு, மழை என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் பெயர் கேட்டுக்கொண்டே திரிந்தாள்.

ரோஸ்லேனைப் பிடித்து வைக்க மதாம் செய்யாதது இல்லை. மாடியில் காற்று வரும் அறையை அவளுக்கு விட்டுக்கொடுத்தார். தனக்கு அடுத்த பொறுப்பைக் கொடுத்தார். தன் பேத்திக்கு அவளையே ஞானத்தாயாக்கினார். ஆனால் சம்பளத்தை மாதம் தவறாமல் கொடுக்க அவரால் முடியவில்லை. ரோஸ்லேனுக்குக் கீழே தம்பி தங்கைகள் வரிசையாக இருந்தார்கள்.

வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்த செய்தியை அவள் முதலில் அடுப்படியில் என்னிடம்தான் சொன்னாள்.

"நீங்களே மதாம்கிட்ட சொல்லிடுங்கக்கா. எனக்கு அவங்க முகத்தப் பாக்க முடியல."

"நான் மாட்டேன்மா. உன் வாயாலயே சொல்லு."

மதாம் அடுப்படி வாசலிலேயே நின்றிருந்தார். "யாரும் சொல்ல வேணாம். எப்பப் போற?" என்று மட்டும் கேட்டார்.

சில மாதங்கள் கழித்து அதே நிறுவனம் சின்னப் பள்ளிக்கூடங்களையும் சங்கங்களையும் நடத்துபவர்களைக் கடலோர ஓட்டலுக்கு அழைத்தது. திறமையான ஊழியர்களைத் தக்கவைப்பது எப்படி என்று வகுப்பாம். மதாமுக்கு முழங்கால் வலி என்பதால் நானும் துணைக்குப் போனேன். வெள்ளைக்காரர் ஒருவர் பேசினார்: ஊழியர்களை மனம்விட்டுப் பாராட்டுங்கள், பொறுப்பு கொடுங்கள், குடும்பமாக நடத்துங்கள். பக்கத்தில் நீலச் சட்டை போட்டு நின்று அதை எங்கள் கிரெயோல் மொழியில் சொன்னவள் ரோஸ்லேன்.

மதாம் எழுந்தார். "ஐயா, நீங்க சொன்னதையெல்லாம் நான் செஞ்சுட்டேன். உங்க பேச்ச மொழிபெயர்க்குதே, இந்தப் பொண்ணுக்குத்தான் செஞ்சேன்."

ரோஸ்லேன் ஒரு வார்த்தைகூட விடாமல் அதை வெள்ளைக்காரரிடம் சொன்னாள். அவர் முகம் சிவந்துபோனது. நல்ல கேள்வி, காப்பி நேரத்தில் பேசுவோம் என்றார். காப்பி நேரத்தில் எங்கள் பக்கமே வரவில்லை.

ரோஸ்லேன்தான் வந்தாள். "நயீக்கா எப்படி இருக்கா, மதாம்?"

"மறுபடி கடிக்கிறா."

ரோஸ்லேன் சனிக்கிழமைகளில் வருவதாகச் சொன்னாள். சொன்னபடி கொஞ்சநாள் வந்தாள். வந்த நாட்களில் நயீக்கா அவள் பாவாடையை விடவே மாட்டாள். பிறகு நிறுவனத்தில் ரோஸ்லேனைத் தலைநகருக்கு மாற்றிவிட்டார்கள். அவள்மேல் கோபப்பட எங்களால் முடியவில்லை. மதாம் மட்டும் சில நாள் சரியாகச் சாப்பிடவில்லை. சீமைப்பலாக் களியும் வெண்டைக்காய்க் குழம்பும் அப்படியே திரும்பி வரும்.

இப்போது விட்லின் என்ற பெண் மதாமிடம் சைகை பழகுகிறாள். விரல்களில் அப்படியொரு வேகம். நேற்று நயீக்கா அவள் மடியில் போய் உட்கார்ந்தாள்.

"இந்தப் பொண்ணு நல்லா வருவா போலிருக்கே, மதாம்" என்றேன்.

"அதான் பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டு, விட்லினின் கட்டைவிரலைச் சரியாக மடித்துக் காட்டப் போனார்.