அன்னம்மாளுக்குக் கொடுத்த கால்

பதினொரு வயதுவரை நான் பாயை நனைத்தேன். இதை இவ்வளவு தைரியமாக எழுத எனக்கு ஐம்பது வயது தாண்ட வேண்டியிருந்தது. கற்பிட்டிப் பக்கத்தில் எங்கள் வீட்டு முற்றத்தில் அம்மா கருவாடு காயப்போடுவார். வேலியோரத்தில் என் பாயும் காயும். எந்த நாற்றம் எதிலிருந்து வருகிறது என்று பிரித்தறிய முடியாதது கருவாட்டுத் தொழிலின் பெரிய வசதி. அதனால் என் இரகசியம் வீட்டு வேலிக்குள்ளேயே இருந்தது.

அந்த வருடம் புனித அன்னம்மாள் கோயில் திருவிழாவுக்கு மாமி குடும்பத்தோடு ஒரே கொட்டிலில் மூன்று இரவு தங்குவதென்று முடிவானது. மாமி, அப்பாவின் அக்கா. அவரால் பயமில்லை. பயம் அவருடைய மகளால். என்னைவிட ஒரு வயது மூத்த அந்த மச்சாளிடம் காலையில் ஒரு கதை போனால், மாலைக்குள் அது ஆலங்குடா வரை போய்ச் சேர்ந்துவிடும். கொட்டிலில் எல்லாரும் வரிசையாகத்தான் படுக்க வேண்டும். போய் இறங்கியதும் நான் செய்த முதல் வேலை, இறுகிய மண் தரையில் ஒரு சிரட்டைத் தண்ணீரை ஊற்றி, அது யார் பக்கம் ஓடுகிறது என்று பார்த்ததுதான். அது மச்சாளின் பக்கம் ஓடியது.

அன்று தண்ணீரே குடிப்பதில்லை என்று தீர்மானித்தேன். மத்தியானச் சோற்றுக்குக் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தார்கள். மூன்று மணிக்கு ஒரு செம்புத் தண்ணீரை மூச்சு விடாமல் குடித்தேன். இனி அன்னம்மாள்தான் கதி.

எங்கள் பக்கத்தில், உடம்பில் எது நோகிறதோ அந்த உறுப்பைத் தகட்டில் வெட்டியதாக வாங்கிக் கோயிலில் நேர்த்தி வைப்பார்கள். வாசலில் ஒரு பெண் சீலை விரித்து அவற்றைப் பரப்பியிருந்தார். கை, கால், கண், காது, கைக்குழந்தை எல்லாம் இருந்தன. கடல்தொழில் படுத்துப்போனவர்களுக்காக வள்ளம்கூட இருந்தது. எனக்கு வேண்டியது மட்டும் இல்லை. இருந்திருந்தாலும், அத்தனை சனத்துக்கு நடுவில் அதைக் கையில் பிடித்துக்கொண்டு பீடம்வரை எப்படி நடப்பது?

"என்ன மகன், எங்க நோகுது?" என்று கேட்டார் அந்தப் பெண்.

"வயித்துக்குக் கீழ."

"கீழயெண்டா? தொடையோ, முழங்காலோ?"

எனக்குப் பின்னால் மச்சாளின் குரல் கேட்டது. "ஓம், கால்தான்" என்றேன்.

கால் கைக்கு வந்த நேரம் மச்சாளும் வந்துவிட்டாள்.

"உனக்குக் காலில என்ன?"

"நோகுது."

"காலையில கடலுக்கு நீதானே முன்னுக்கு ஓடினாய்?"

"அதாலதான் நோகுது."

அந்த நிமிடமே நொண்டத் தொடங்கினேன். பீடம்வரை நொண்டிக்கொண்டே போய்த் தகட்டை வைத்து, 'தாயே, இது கால் இல்லை, உமக்குத் தெரியும்' என்று மெதுவாக விளக்கமும் கொடுத்தேன்.

நாங்கள் கொட்டிலுக்குத் திரும்பும்முன் செய்தி மாமிக்குப் போய்விட்டது. அவர் என் முழங்காலை அமுக்கிப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா அடுப்பைப் பார்த்தார்.

"இது வாதம்" என்று மாமி தீர்ப்புச் சொன்னார். "நடுச்சாமத்தில எண்ணெய் பூசினாத்தான் கேக்கும். இவன் வாசல் பக்கம் எனக்குக் கிட்டப் படுக்கட்டும்."

மூன்று இரவும் என்னை உலுக்கி எழுப்பினார். "எழும்பும் மருமகன், எண்ணெய் பூசுவம்." பூசி முடிந்ததும், "எழும்பினதோட ஒண்டுக்கும் போட்டு வாரும். வாதத்துக்கு நடை நல்லம்" என்பார். நான் தூக்கத்திலும் மறக்காமல் தென்னைமரம்வரை நொண்டிப் போய் வருவேன். மூன்று நாளும் விடியும்போது பாய் காய்ந்திருந்தது. மச்சாள் என் காலைத்தான் சந்தேகத்தோடு பார்த்தாள். வேறெதையும் பார்க்க அவளுக்குக் காரணம் கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்தும் நொண்டினேன். சட்டென்று குணமானால் பிடிபட்டுவிடுவேனே. மாமி கொடுத்துவிட்ட எண்ணெய்ப் போத்தல் அம்மாவின் தலைமாட்டுக்குப் போனது. பூச்சும் நடையும் இரவு தவறாமல் தொடர்ந்தன. மாரி மழை தொடங்குவதற்குள் அம்மா எழுப்புமுன் நானே எழும்பிப் போய் வரப் பழகிவிட்டேன். எண்ணெய் பூசுவதும் நின்றது.

பெரியவர்கள் இவ்வளவு கவனக்குறைவானவர்களா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. சில நாள் வலது காலை நொண்டுவேன், மறந்துபோன நாளில் இடது காலை. மாமியும் சரி, அம்மாவும் சரி, இருட்டில் எந்தக் கால் கைக்கு அகப்பட்டதோ அதற்கே எண்ணெய் பூசினார்கள். நோகிற கால் எது என்று ஒருநாளும் கேட்டதில்லை. இப்படிப்பட்ட அப்பாவிகளை ஏமாற்றிவிட்டோமே என்று மனம் உறுத்தியது. அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாரிடம் அதைச் சொல்லி, மூன்று அருள் நிறைந்த மந்திரத்தைத் தண்டனையாக வாங்கிக்கொண்டு, முழங்காலில் நின்று சொல்லி முடித்தேன்.