லொறியில் இருந்த கறுப்புப் பொட்டலம்

பத்தாம் வகுப்பையும் முடிக்காதவள் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிறவள் எழுத உட்கார்ந்தது அதிகப்படிதான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சண்டை மறுபடி கடுமையாகிக்கொண்டிருந்த காலம். என் கணவர் நகரத்து வியாபாரி ஒருவரின் சின்ன லொறியை ஓட்டினார். வெல்லாவெளியில் நெல் ஏற்றுவார், பனிச்சங்கேணியில் கருவாடு ஏற்றுவார். எங்கள் பக்கத்தில் வாகனம் வாங்கினால் மந்திரிப்பவரைக் கொண்டு காவல் கட்டுவது வழக்கம். செப்புத் தகட்டைக் கறுப்புத் துணியில் சுற்றி, கண்ணில் படாத இடத்தில் கட்டுவார்கள். அதை அவிழ்க்கக் கூடாது.

லொறி ஒருமுறை கொழும்பில் திருத்த வேலை முடிந்து வந்தபோது, ஸ்டியரிங்குக்குக் கீழே உட்புறமாக, கறுப்பு டேப் சுற்றிய பொட்டலம் ஒன்று இருந்தது. சவர்க்காரக் கட்டி அளவு இருக்கும். முதலாளியிடம் கேட்டிருக்கிறார். "அதில கை வைக்காத. ஒருத்தரிட்டயும் கதைக்காத" என்று மட்டும் சொன்னாராம். காவல் என்றே இவர் எண்ணிக்கொண்டார். வெள்ளிக்கிழமைகளில் நான் சந்தனம் குழைத்துக் கொடுப்பேன். கையை உள்ளே விட்டு அதற்குப் பொட்டு வைத்துவிட்டுத்தான் லொறியை எடுப்பார்.

ஒரு பின்னேரம் வாவிக்கரைப் பாதையில் தோளில் துவக்கோடு இயக்கத்துப் பெடியன்கள் மூன்று பேர் மறித்தார்கள். ஒருவன் தெரிந்தவன், எங்கள் வீட்டில் சாப்பிட்டவன். லொறிக்குள் தடவிப் பார்த்த அவன்தான் பொட்டலத்தைக் கண்டான்.

"என்னண்ணே இது?"

"முதலாளி கட்டின காவல், தம்பி. சத்தியமாச் சொல்றன். அவிழ்த்தா லொறி புரளும்."

"அப்ப கிடக்கட்டும். இனி எங்களையும் பாத்துக்கொள்ளும்" என்று சிரித்துவிட்டு லொறியைக் கொண்டு போனார்களாம்.

முதலாளி பொலிசுக்குப் போனார். சில நாள் கழித்து, லொறியை அடையாளம் காட்ட வேண்டும் என்று பொலிசார் இவரை ஜீப்பில் ஏற்றினார்கள். ஒருவர் மீன்முள் போன்ற ஏரியல் ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பிடித்தாராம். மடியிலிருந்த பெட்டி கீக், கீக் என்றதாம். சத்தம் கூடுகிற பக்கமே ஜீப்பை விட்டார்கள். வட்டை நடுவே, வயல்களுக்குள், மூடிக்கிடந்த அரிசி ஆலைக்குள் லொறி நின்றது. உள்ளே இருந்த இருவரைக் கட்டி ஏற்றினார்கள்.

ஊர்ச் சனம் கூடிவிட்டது. அதிகாரி பொட்டலத்தைக் கழற்றி எல்லாருக்கும் தெரிய டேப்பைக் கிழித்தார். உள்ளே வயரும் பற்றரியும். டேப்பில் எங்கள் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. ஜீப்பில் கீக் என்ற பெட்டிக்குத் தடம் அனுப்பிக்கொண்டிருந்தது அதுதான் என்று அப்போதுதான் இவருக்கு விளங்கியிருக்கிறது. சனத்துக்குள் அந்தத் தெரிந்தவன் நின்று இவரையே பார்த்தான். இவர் அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார்.

"விடிய முதல் பஸ்ஸில அக்கா வீட்ட போயிருங்க" என்றேன்.

"போனா, தெரிஞ்சுதான் சத்தியம் பண்ணினன் எண்டு ஆகிரும்கா. அவனைக் கண்டு நான் விளங்கப்படுத்திறன்."

"அவன் நம்புவானா?"

"நாம நம்பித்தானேகா சந்தனம் வைச்சம்."

மறுநாள் காலை இயக்கத்து ஆட்கள் இரண்டு பேர் வந்து, கதைக்க வேண்டும் என்று கூட்டிக்கொண்டு போனார்கள். கிணற்றடியில் நின்றவர் ஈரத் துவாயோடு போனார். பின்னேரமாகியும் இவர் திரும்பவில்லை; முதலாளிதான் வேறு டிரைவரோடு வந்து, எங்களிடமிருந்த லொறியின் மற்றச் சாவியை வாங்கிக்கொண்டு போனார்.