பெரட்டு, பெரத்துரான் ஆன கதை

ஈப்போவில் நான் படித்த கல்லூரியின் கூடைப்பந்து அரங்கில், ஆள் உயரத்துக்கு ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். பெண்கள் அணியின் வரலாறும் மரபுகளும் அதில் இருக்கின்றன. ஆட்டம் தொடங்கும் முன் அணி வட்டமாகக் கூடி எழுப்பும் முழக்கத்துக்கும் விளக்கம் எழுதியிருக்கிறார்கள். 'பெரத்து' என்பது 'பெரத்துரான்' என்ற மலாய்ச் சொல்லின் சுருக்கமாம். விதிமுறை, ஒழுங்கு என்று பொருளாம். கட்டொழுங்கைப் போற்றிய முதல் பயிற்றுநர் உருவாக்கிய முழக்கமாம்.

அதைப் படித்தபோது என் கையில் சூடான கோப்பி இருந்தது. யார் தலையிலாவது ஊற்றாமல் இருந்ததே பெரிய விஷயம். அது 'பெரத்து' இல்லை, 'பெரட்டு'. அந்த வார்த்தையை அணிக்குக் கொண்டுவந்தவள் நான். அது மலாயும் இல்லை, ஒழுங்கைப் போற்றிப் பிறந்ததும் இல்லை. அந்தப் பயிற்றுநரைக் கிண்டல் செய்யப் பிறந்தது. என் மகள் இப்போது அதே அணியில் ஆடுகிறாள். வரலாற்றுப் பலகை வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், அவளை அதன் முன்னால் நிறுத்தி, "இது உன் அம்மாவோட வார்த்தை" என்று சொல்லவேண்டும் என்றுதான் பழைய மாணவிகளின் ஆட்டத்துக்குப் போயிருந்தேன். வீட்டில் சொன்னால் பழம்பெருமை பேசுகிறேன் என்பாள். சுவரே சொன்னால் நம்புவாள் என்று நினைத்தேன்.

ரப்பர் தோட்டத்தில் பிறக்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பெரட்டு என்றால் விடியுமுன் பால்மரம் வெட்டப் போகிறவர்களை ஆபீஸ் முன்னால் வரிசையாக நிறுத்தி ஆள் எடுப்பது. கணக்கு எழுதும் கிராணி பெயர் கூப்பிடுவார். குரல் கொடுக்காதவருக்கு அன்று வேலை இல்லை. எனக்குக் காய்ச்சல் கண்ட ஒருநாள் என் அம்மா பிந்திப் போனார். வரிசை கலையவில்லை, இடமும் இருந்தது. ஆனாலும் எல்லார் முன்னாலும் அவரைத் திருப்பி அனுப்பினார்கள். வாளியோடு போன அம்மா அதே வாளியோடு திரும்பி வந்து எனக்குக் கஞ்சி வைத்தார். அந்தத் தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதி. பெரட்டுக் களத்தில் கார் கழுவும் கடை நடக்கிறது.

கல்லூரியில் சேர்ந்து அணிக்குள் போனால், அங்கேயும் அதே கதை. அப்போது கூரையில்லாத சிமெண்டுத் தளம்தான். பயிற்றுநர் இருட்டோடு வரச் சொல்வார். வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவார். பிந்தினால் பந்தைத் தொடவிடாமல் வீட்டுக்கு அனுப்புவார். அணியில் பெரும்பாலும் சீனப் பெண்கள். தமிழச்சிகள் இரண்டே பேர், நானும் இன்னொருத்தியும். அவள் யாழ்ப்பாணத்துக் குடும்பம், அப்பா அரசாங்க அதிகாரி, கார் வைத்திருந்த வீடு. ஒருநாள் பெயர் கூப்பிடுகையில் நான் அவள் காதில், "இது என்னா லா, பெரட்டா?" என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. விளக்கினேன். வரிசை குலையும்படி சிரித்தாள்.

பக்கத்தில் நின்ற சீனத் தோழி என்னவென்று கேட்டாள். அவளுக்கும் எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். வரிசையில் நில், எண்ணிக்கொள்வார்கள், திட்டு வாங்கு, அவ்வளவுதான் என்றேன். மறுநாள் பயிற்றுநர் தலை தெரிந்ததும் அவளே முந்திக்கொண்டு "பெரட்டு" என்று கத்தினாள். எல்லாரும் பின்பாட்டுப் பாடினார்கள். பாவம், மனிதர் அதை உற்சாகக் குரல் என்று நினைத்து மகிழ்ந்துபோனார். அந்தப் பருவம் முழுக்க அவர் முகத்துக்கு நேரே அவரைக் கிண்டல் செய்தோம். எனக்கு மட்டும் அதில் வேறொரு ருசி இருந்தது. என் அம்மாவைத் திருப்பி அனுப்பிய வார்த்தையைச் சொல்லி ஒரு கூட்டமே சிரிக்கிறது என்றால், சும்மாவா?

பிறகு லூமுட்டில் நடந்த போட்டியில், ஆட்டத்துக்கு முன் அதைக் கத்திவிட்டு இறங்கினோம். ஜெயித்தோம். அதோடு அது ராசியான வார்த்தை ஆகிவிட்டது. படிப்பு முடித்துப் போகிறவள் தன் சட்டை எண்ணைப் புதியவளுக்குக் கொடுப்பதும், சீனப் பெருநாள் முடிந்து வரும் ஒரு சனிக்கிழமை பழைய மாணவிகள் வந்து ஆடி இளையவர்களிடம் அடிவாங்குவதும் எங்கள் காலத்தில் தொடங்கியவைதான். அதெல்லாம் பலகையில் சரியாக இருக்கிறது. இது மட்டும்தான் இப்படி ஆகிவிட்டது.

யாரோ விவரம் தெரியாமல் எழுதியிருக்கிறார்கள், சொன்னால் மாற்றிவிடுவார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். எழுதியது யார் என்று விசாரித்தேன். அவளேதான். என் காதருகே நின்று சிரித்த யாழ்ப்பாணத்தவள். இப்போது பழைய மாணவிகள் சங்கத்தின் தலைவி. தேடிப்போய்க் கேட்டேன். மறந்துவிட்டது என்று சொல்லியிருந்தால்கூடப் போகட்டும் என்று வந்திருப்பேன்.

"மறக்கல. நல்லா ஞாபகம் இருக்கு," என்றாள். "ஆனா கூலிங்கள எண்ணுற வார்த்தைன்னு சுவத்துல எழுதலாமா, சொல்லு? பெரிய பெரிய ஆளுங்க வந்து பாக்குற இடம் லா இது. உனக்கும்தானே அசிங்கம்?"

எனக்கு அசிங்கமாம். அதை அவள் கோபமாகச் சொல்லவில்லை. என் தோளில் கை வைத்துக்கொண்டு, எனக்கு உதவி செய்த முகத்தோடு சொன்னாள். அந்தக் கையைத் தட்டிவிட்டேன். கூலிகளை எண்ணிய வார்த்தையைக் கத்தித்தான் நீயும் கோப்பையைத் தூக்கினாய் என்றேன். பலகையில் அதை எழுதாவிட்டால் ஒலிபெருக்கியை வாங்கி நானே சொல்வேன் என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த இளம் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். தலைவி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நகர்ந்துபோனாள்.

மகள் ஓடிவந்தாள். ஆட்டத்துக்காகக் காலுறையை இழுத்துவிட்டபடியே என்ன சண்டை என்று கேட்டாள். பலகைக்கு முன்னால் கூட்டிப்போய் முழுவதையும் சொன்னேன். பெரட்டுக் களம், திரும்பி வந்த அம்மா, வரிசையில் நான் சொன்ன கிண்டல், லூமுட். நான் நினைத்ததைவிட நன்றாகவே சொன்னேன். நடுவில் ஒருமுறைகூட அவள் குறுக்கே பேசவில்லை. கண்ணை எடுக்காமல் கேட்டாள். இவளுக்காவது போய்ச் சேர்ந்தது என்று எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது.

முடித்ததும் அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"மா, மைக்ல எல்லாம் சொல்லிறாத. நம்ம எஸ்டேட்டுன்னு டீம்ல யாருக்கும் தெரியாது. பாட்டி டீச்சரா இருந்தாங்கன்னு சொல்லி வச்சிருக்கேன்."

சரி என்றேன். வேறு என்ன சொல்வது? அவள் ஓடிப்போய் வட்டத்தில் சேர்ந்துகொண்டாள். என் மகளுக்குக் கொடுத்த வாக்கை நான் மீறவில்லை. இதை எழுதும்போதும் யார் பெயரையும் போடவில்லை. கல்லூரியின் பெயரையும், அவள் பெயரையும், என் அம்மாவின் பெயரையும்.