மோப்பக்காரியின் தேயிலைச் சந்தா

பொட்டலத்தின் வாயைக் கத்தரிக்கோலால் ஓரமாக வெட்டி, இடது மூக்குத் துவாரத்தில் முதலில் வைக்கிறாள். கண்கள் மூடியிருக்கின்றன. வலது துவாரத்தை ஒரு விரலால் அடைத்துக்கொண்டு மெதுவாக இழுக்கிறாள்; பிறகு பக்கம் மாற்றுகிறாள். சலவைக்கடை மேசையில் இந்த மாதத்துத் தேயிலைப் பெட்டி திறந்து கிடக்கிறது. வாசலில் இரண்டு பேர் துணி வாங்க நிற்கிறார்கள். நிற்கட்டும். பெட்டி வந்த அன்று இந்தக் காரியம் முடியாமல் அவள் யாரையும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டாள் என்பது தெருவுக்கே தெரியும்.

“என்னங்க, கொஞ்சம் இங்க வாங்க. இது என்ன வாசனை?”

உள்ளே இஸ்திரி மேசையிலிருந்து வீட்டுக்காரர் வருகிறார். சாட்சி சொல்ல வந்தவர் மாதிரி விறைப்பாக நின்று, பொட்டலத்தை வாங்கி ஒரே இழுப்பாக இழுக்கிறார்.

“டீ வாசனைதான்.”

“அது எனக்குத் தெரியாதா? எப்படிப்பட்ட டீ?”

“நல்ல டீ.”

இத்தனை வருஷக் குடித்தனத்தில் இந்த மனிதரிடமிருந்து இரண்டு வார்த்தைக்கு மேல் கறப்பது கல்லில் நார் உரிக்கிற வேலைதான். அன்பு இல்லாதவர் என்று சொல்லிவிட முடியாது. கூப்பிட்ட குரலுக்கு வந்து நிற்கிறார். வாய்தான் வராது.

தெருவில் அவளுக்கு மோப்பக்காரி என்று பெயர். கேலிப் பெயர்தான், ஆனால் அந்தக் கேலியில் கொஞ்சம் பயமும் கலந்திருந்தது. சட்டையைக் கையில் வாங்கியதும் கழுத்துப்பட்டியை மூக்கருகே கொண்டுபோவாள். “நேத்து வீட்ல மீன் வறுத்தீங்களா?” என்பாள். “சிகரெட்டை விட்டாச்சுன்னு வீட்டம்மா சொன்னாங்களே, அவங்களுக்கு இந்தச் சட்டையைக் காட்டலாமா?” என்பாள். அவளுக்குப் பயந்து, வீட்டில் ஒரு தடவை அலசிவிட்டுச் சலவைக்குப் போட்டவர்களும் உண்டு.

அப்புறம் ஒரு காய்ச்சல் வந்தது. எல்லோருக்கும் வருகிற காய்ச்சல்தான். போகும்போது மோப்பத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது. எழுந்து உட்கார்ந்து சோப்புக் கட்டியை முகர்ந்தாள், ஒன்றுமில்லை. சோடா உப்பு, பினாயில், ஈரத் துணி, ஒன்றுமில்லை. அன்றைக்கு அவள் அழுததை வீட்டுக்காரர் ஒருவர்தான் பார்த்தார். அதிலிருந்து கடையில் எல்லாத் துணிக்கும் இரண்டு துவைப்பு. “போதும்னு மூக்கு சொல்லணும். அது வாயே திறக்க மாட்டேங்குது. அதான் இன்னொரு தடவை முக்கி எடுத்துடறேன்” என்கிறாள். மோப்பக்காரி என்று இப்போது யாரும் அவளைக் கூப்பிடுவதில்லை. மனசு நோகும் என்று விட்டுவிட்டார்கள். அவளுக்கோ, கூப்பிடாததுதான் நோகிறது.

டாக்டர் கையை விரிக்கவில்லை, நம்பிக்கையும் கொடுக்கவில்லை. விதவிதமான வாசனைகளை நாள் தவறாமல் முகர்ந்து பழகச் சொன்னார். வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம் என்றார். தூரத்து ஊரில் இருக்கிற மகள் அப்போது முழுகாமல் இருந்தாள். அவள்தான் இந்தத் தேயிலைச் சந்தாவைக் கட்டிவிட்டாள். மாதம் பிறந்தால் ஒரு பெட்டி. பெட்டிக்குள் ஒன்றுபோல் ஒன்று இல்லாத தேயிலைகள். “ஏதாவது ஒண்ணு உள்ள போய் உன் மூக்கைத் தட்டி எழுப்பும்மா. பாப்பா வர்றதுக்குள்ள எழுந்துடணும், ஆமா” என்றாள். அதைத் தாயும் அப்படியே பிடித்துக்கொண்டாள்.

எத்தனை தினுசு என்கிறீர்கள்! வெள்ளைத் தேயிலை என்று ஒன்று. மொட்டு மொட்டாக, பூனைக்குட்டியின் காது மாதிரி மெல்லிய ரோமத்தோடு இருக்கும். ஊலாங் என்று ஒன்று. மிளகு போல உருண்டு கிடந்து, வெந்நீர் பட்டதும் முழு இலையாக விரிந்து கொடுக்கும். கட்டையை எரித்து அந்தப் புகையில் உலர்த்திய தேயிலை. எலுமிச்சைத் தோல் எண்ணெய் ஏற்றிய கறுப்புத் தேயிலை. ஏலக்காயும் இஞ்சியும் போட்டது. தேயிலையே இல்லாமல் வெறும் செம்பருத்தி இதழை வைத்துக்கொண்டு டீ என்று பேர் பண்ணுவது. ஒவ்வொன்றோடும் ஓர் அட்டை வரும். ‘மழை நின்ற காடு, ஈரக் கல், பின்னணியில் தேன்’ என்று போட்டிருக்கும். “ஈரக் கல்லைப் போய் எவன் மோந்து பார்த்தான்?” என்று சிரிப்பாள். சிரித்துவிட்டு, தண்ணீர்த் தொட்டி ஓரம் நனைந்து கிடக்கிற துவைக்கிற கல்லையும் ஒருநாள் குனிந்து முகர்ந்து பார்த்தாள்.

அவள் நாக்குக்கு எல்லா டீயும் ஒன்றுதான்: சுடுதண்ணீர், கொஞ்சம் கசப்பு. செம்பருத்தி மட்டும் புளிக்கும். அதனால் அடுத்தவர் மூக்கை இரவல் வாங்கத் தொடங்கினாள். துணி வாங்க வருகிறவர்களை உட்காரவைத்து ஒரு கோப்பையைக் கையில் கொடுப்பாள். குடிக்கிறவர் தப்பிக்க முடியாது. “டீ வாசனைன்னு மட்டும் சொல்லாதீங்க. அதைச் சொல்ல வீட்லயே ஒருத்தர் இருக்காரு.” லாரி ஓட்டுகிற ஒருவர் புகைத் தேயிலையைக் குடித்துவிட்டு கோப்பையை மறுபடி மூக்கருகே கொண்டுபோனார். “எங்கப்பா சட்டை மாதிரி இருக்குதும்மா” என்றார். அன்று அவருடைய துணிகளைத் தனியாக எடுத்துவைத்துத் தானே மடித்துக் கொடுத்தாள்.

தேயிலை டப்பாக்கள் இருப்பது, இஸ்திரி போட்ட துணிகளை அடுக்குகிற அலமாரியில். அதில் என்ன தப்பு இருக்கிறது என்று வாசனை தெரியாதவளுக்கு எப்படித் தெரியும்? ஒரு காலையில் இன்சூரன்ஸ் ஆபீஸ்காரரின் மனைவி ஒரு சட்டையைப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். பின்னாலேயே அந்த மனிதர், முகம் செத்துப்போய்.

“இது உங்க கடையிலேருந்து வந்த சட்டைதானே?”

“ஆமாம்மா. ஏன், கறை போகலியா?”

“மல்லிப்பூ வாசனை அடிக்குது. இவரைக் கேட்டா முழிக்கிறாரு.”

“மல்லிப்பூவா? நல்லா அடிக்குதா?” என்று கேட்டவளின் குரலில் இருந்த ஆசை, வந்தவளுக்கு விளங்கவில்லை. கேலி செய்கிறாள் என்று நினைத்து முறைத்தாள். சலவைக்காரி அலமாரியைத் திறந்து, அந்த மாதம் வந்திருந்த மல்லிகைத் தேயிலை டப்பாவை எடுத்து நீட்டினாள். மூடி சரியாகப் பொருந்தாமல் இருந்தது. மனைவி முகர்ந்தாள், கணவரைப் பார்த்தாள், சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்த மனிதர் போன உயிர் திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

“உங்களுக்கும் அடிச்சுதா?” என்று வீட்டுக்காரரைக் கேட்டாள் மோப்பக்காரி.

“அடிச்சுது. டீ வாசனைதானேன்னு விட்டுட்டேன்.”

அவர்கள் போன பிறகு அந்தச் சட்டையை மூன்றாம் முறையாகத் துவைக்க எடுத்தவள், தண்ணீரில் போடாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “எப்பேர்ப்பட்ட மூக்கு அந்தப் பொண்ணுக்கு!” என்றாள். பொறாமைதான். அதை அவள் மறைக்கவில்லை.

பேத்தி பிறந்தாள். மூக்கு வரவில்லை. மகள் போனில் எதையெதையோ பேசிவிட்டு, தன்னை மறந்து சொன்னாள்: “தலை உச்சியில ஒரு வாசனை வருதும்மா. மோந்துகிட்டே இருக்கலாம் போல இருக்கு. என்ன வாசனைன்னே சொல்லத் தெரியல.” சட்டென்று நிறுத்திக்கொண்டாள். “உன் தலையும் அப்படித்தான்டி இருந்துச்சு” என்று தாய் சமாளித்தாள். போனை வைத்த பிறகு அந்த வாசனையைத் தேடிப் பார்த்தாள். மகளின் மொட்டைத் தலை ஞாபகம் வந்தது, வழவழப்பு ஞாபகம் வந்தது, எண்ணெய் வைத்த கை ஞாபகம் வந்தது. வாசனை மட்டும் வரவில்லை. அது குழந்தையின் தலையில் நெடுநாள் தங்காது என்பது பெற்றவளுக்குத் தெரியும். வளர வளரப் போய்விடும். இந்த வாய்ப்புப் போனால் போனதுதான். அதற்குப் பிறகு பெட்டி வருகிற நாளில் அவள் முகத்தில் விளையாட்டு குறைந்துவிட்டது.

அடுத்த பெட்டியில் புதினாத் தேயிலை இருந்தது. இடது துவாரத்தில் வைத்து இழுத்தாள். சில்லென்று ஏதோ உள்ளே ஏறியது.

“என்னங்க! வருதுங்க! ஏதோ ஒண்ணு வருது!”

வீட்டுக்காரர் கையிலிருந்ததைப் போட்டது போட்டபடி ஓடிவந்தார். அவள் மறுபடி இழுத்தாள். மறுபடியும் சில்லென்று ஏறியது. கண் கலங்க, மகளைக் கூப்பிடப் போனைக் கையில் எடுத்தாள். அந்த நேரத்தில் வீட்டுக்காரர் மூக்கைச் சுளித்துத் திரும்பினார். உள்ளே, யாருடையதோ ஒரு கால்சட்டையின் மேல் இஸ்திரிப் பெட்டி உட்கார்ந்தபடியே இருந்தது. கடை முழுக்கக் கருகல் நாற்றம். தெருவில் போனவர்கள்கூட நின்று எட்டிப் பார்த்தார்கள். அவளுக்கு மட்டும் தெரியவில்லை. புதினா தந்தது வாசனை இல்லை, வெறும் குளிர்ச்சி என்று அவளுக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

“வரும்” என்றார் வீட்டுக்காரர், ஓட்டை விழுந்த கால்சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு.

போன ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். காலையிலிருந்தே கடை பூட்டு. மோப்பக்காரி குளித்து, தன் புடவையையும் இரண்டு தடவை துவைத்ததாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு, நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தாள். மகள் குழந்தையை மடியில் கிடத்தினாள். சின்ன உடம்பு, சூடு, தூக்கத்தில் அசைகிற வாய். எல்லாவற்றையும் பார்த்தாள், தொட்டாள். தலைப்பக்கம் மட்டும் குனியவில்லை. பயமாக இருந்தது அவளுக்கு.

வீட்டுக்காரர்தான் முதலில் குனிந்தார். உச்சந்தலையில் மூக்கை வைத்தவர், நிமிர மறந்துபோனார். நிமிர்ந்தபோது அவர் முகம் வேறு மாதிரி இருந்தது.

“ஏம்மா, இது இருக்குதே… இது வந்து… நம்ம பொண்ணைக் கையில வாங்கின அன்னிக்கு, நீ…”

வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்கு வார்த்தை வந்துகொண்டிருந்தது. துவைத்துத் துவைத்துச் சுருங்கிப்போன உள்ளங்கையால் அவர் வாயை அவள் பொத்தினாள். இந்த ஒரு வாசனையை மட்டும் இரவல் வாங்க அவளுக்கு மனசில்லை. பொத்தின கையை எடுக்காமலே குனிந்து, கண்ணை மூடி, இடது துவாரத்தைக் குழந்தையின் தலையில் வைத்தாள். பிறகு வலது. பிறகு மறுபடியும் இடது.